கோம்பை நாயும் மேகமலையும் ஒரு பழைய ஜிபிஎஸ்ஸும்

சைக்கிள் விற்கிறவர்களிடம் இப்போது யாரும் சைக்கிளைப் பற்றிச் சந்தேகம் கேட்பதில்லை. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

தேனியில் பெரியகுளம் சாலையில் என் கடை. பெல்லும் பூட்டும் தொங்கிய சுவரில் இப்போது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு ஜிபிஎஸ் பெட்டிகள் தொங்குகின்றன. ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டால் போன பாதை, தூரம், வேகம், ஏறிய உயரம் எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். வீட்டுக்கு வந்ததும் போனில் வரைபடமாகப் பார்க்கலாம், நாலு பேருக்கு அனுப்பலாம். அனுப்புவதற்காகவே ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் என் வாடிக்கையாளர்கள்.

உள்ளே வருகிறவர்கள் முதலில் என்னைத் தாண்டிப் பார்த்து, “ஓனர் இல்லையாம்மா?” என்பார்கள். ஓனர் நான்தான். என் வீட்டுக்காரருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது. இதைச் சொன்னதும் சுவரில் தொங்குகிற பெட்டிகளைப் பார்ப்பார்கள். அடுத்து, இருக்கிறதிலேயே விலை குறைவாகவும் இருக்கிறதிலேயே நல்லதாகவும் ஒன்று வேண்டும் என்பார்கள். மருந்துக் கடை, மொபைல் கடை, மிக்ஸி ரிப்பேர் என்று எந்த மேசைக்குப் பின்னால் நீங்கள் நின்றாலும் இந்த வாக்கியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாம் எல்லோரும் ஒரே சாதி.

தூங்கிய போன்

போடியில் இரும்புக் கடை வைத்திருக்கும் தங்கராஜ் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் போடியிலிருந்து தேனிக்கு சைக்கிளில் வருவார். கையில் போன் இருக்கும்போது தனிப்பெட்டி எதற்கு என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டால் அது சும்மாவே பதியும். நானே பலருக்கு அதைத்தான் சொல்கிறேன், சொல்லிவிட்டு வியாபாரம் போய்விட்டதே என்று வருந்துகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வியர்வையோடு வந்து போனை நீட்டினார். வரைபடத்தில் அவர் போடி எல்லை வரை சாலையில் வந்திருந்தார். அங்கிருந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் தென்னந்தோப்புகளுக்குள் புகுந்து, ஒரு கண்மாய்க்குள் இறங்கி, நாலைந்து வீடுகளை ஊடுருவி, நேராகத் தேனி பழைய பேருந்து நிலையத்தில் முளைத்திருந்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் செயலியைத் தூங்க வைத்திருக்கிறது. சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தபோதுதான் விழித்திருக்கிறது. எந்த அமைப்பை மாற்றினால் இது நடக்காது என்று காட்டிக்கொடுத்தேன். அவருக்கு அது போதவில்லை. வளைந்து வந்த சாலைக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது அவர் கணக்கில் திரும்ப ஏற்றித் தர வேண்டும்.

“மிதிச்சது நானு, தூங்குனது போனு. தூரத்தை மட்டும் எனக்குக் கழிச்சா எப்படிம்மா?”

உயரம் வேண்டாம்

சௌந்தரபாண்டியன் ஐயா உத்தமபாளையத்துக்காரர். வயலும் தோப்பும் உண்டு. போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். தேனியில் இருக்கும் டாக்டரிடம் மாதாமாதம் காட்ட வருவார், மனைவி ராஜாத்தி அம்மாவும் கூடவே வருவார். சைக்கிள் ஓட்டலாம், சமதரையில் மட்டும், மூச்சு வாங்கினால் இறங்கி நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராஜாத்தி அம்மா அதோடு சொந்தமாக ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார். எங்கே போனார், எவ்வளவு போனார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சைக்கிள் மாட்டுத் தொழுவத்தில் பூட்டிக் கிடக்கும், சாவி அவர் முந்தானையில் இருக்கும்.

பாதையைப் பதிகிற பெட்டி வேறு, இருக்கும் இடத்தை அவ்வப்போது வீட்டுக்குச் சொல்கிற பெட்டி வேறு என்று விளக்கினேன். முதலாவதற்கு சிம் வேண்டாம், வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்க்க முடியும். இரண்டாவதற்கு சிம் வேண்டும், மாதக் கட்டணமும் உண்டு. ராஜாத்தி அம்மாவுக்கு இரண்டாவது வேண்டும். ஐயாவுக்கு இரண்டும் வேண்டாம், சைக்கிள் மட்டும் போதும். மலை ரோட்டுப் பக்கம் இவுக தலை வைக்கக் கூடாது, வைத்தால் காட்டிக்கொடுக்கிற மாதிரி ஒன்றாகக் கொடு என்று அந்த அம்மா என்னிடம் சொன்னபோது, ஐயா கூரையில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜாத்தி அம்மா பேரனுக்கு மூன்று சக்கர சைக்கிள் பார்க்க உள்ளே போனார். ஐயா உடனே மேசைக்குக் கிட்டே வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏந்தாயி, போன தூரத்தை மட்டும் காட்டணும், ஏறுன உயரத்தைக் காட்டக் கூடாது, அப்பிடி ஏதும் வருதா?”

இழுத்துச் செல்லப்படும் வாகனம்

என் கடை மெக்கானிக் முருகேசன் அண்ணனுக்கு எந்தப் பிரச்சினைக்கும் அவர் மச்சான் கையில் தீர்வு இருக்கும். மச்சான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளுக்கு ஜிபிஎஸ் மாட்டுகிறவர். ஜீப் எங்கே நிற்கிறது என்று முதலாளி வீட்டிலிருந்தே பார்க்கலாம். விலையும் குறைவு. ஜீப்பைக் கண்டுபிடிக்கிறது சைக்கிளைக் கண்டுபிடிக்காதா என்றார் அண்ணன். ராஜாத்தி அம்மாவுக்கு அந்த வாதம் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். ஓனர் நான்தான் என்பதை அப்போதும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஜீப் பெட்டிக்கு ஜீப் பேட்டரி வேண்டும். அண்ணன் பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றைக் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். சைக்கிள் கர்ப்பமானதுபோல் பின்பக்கம் தாழ்ந்தது. மறுநாள் காலை ஐயா அதை மிதித்துக்கொண்டு உத்தமபாளையத்தை விட்டுக் கிளம்பினார். அந்தப் பெட்டிக்கு ஒன்றுதான் தெரியும்: சாவி போட்டால் வண்டி ஓடும், சாவி போடாமல் வண்டி நகர்ந்தால் யாரோ கட்டி இழுக்கிறார்கள். சைக்கிளுக்கு ஏது சாவி? ஐயா மிதிக்க மிதிக்க, உங்கள் வாகனம் இழுத்துச் செல்லப்படுகிறது என்று ராஜாத்தி அம்மாவின் போனுக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. நின்றால் நிற்கும், மிதித்தால் மறுபடி வரும்.

நான் கடை திறந்துகொண்டிருந்தபோது ராஜாத்தி அம்மா அழைத்தார். பதற்றத்தில் இருந்தாலும் கேள்வியைத் தெளிவாகக் கேட்டார்.

“ஏத்தா, வண்டியை யாரோ இழுத்துட்டுப் போறாகளாம். வண்டியை மட்டும் இழுக்கிறாகளா, இவுகளையும் சேத்தா?”

லோயர் கேம்ப்பில் டீ, குமுளியில் ஆள்

அடுத்ததாக ஐயாவின் மகன் சென்னையிலிருந்து ஆன்லைனில் ஒன்று வாங்கி அனுப்பினான். கடைக்காரர்களே, இந்த வேதனையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கோ வாங்குவார்கள், மாட்டித் தரச் சொல்லி நம்மிடம் கொண்டுவருவார்கள், சரியாக வேலை செய்யாவிட்டால் நம்மிடம் கோபிப்பார்கள். பெட்டி பொத்தான் அளவில் அழகாக இருந்தது. திறந்து பார்த்தேன். அதில் செயற்கைக்கோள் சமாச்சாரமே இல்லை. பக்கத்தில் எந்த செல்போன் டவர் இருக்கிறதோ, அங்கே நான் இருக்கிறேன் என்று சொல்கிற சாதி. இது ஊருக்குள் சரி, மலையடிவாரத்தில் உளறும் என்றேன். மகன் அனுப்பியது உளறாது என்று ராஜாத்தி அம்மா சொல்லிவிட்டார்.

ஐயா சமதரையிலேயே, வாய்க்கால் கரையை ஒட்டி நிதானமாக, மலையடிவாரத்தில் இருக்கிற லோயர் கேம்ப் வரை போயிருக்கிறார். ஒரு டீக்கடையில் உட்கார்ந்து டீயும் பழம்பொரியும் வாங்கியிருக்கிறார். அவர் பையில் இருந்த பொத்தான், தலைக்கு மேலே மலையில் நிற்கிற கேரளத்து டவரைப் பிடித்துக்கொண்டு, குமுளியில் இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டது. குமுளி என்றால் மலை ரோடு முழுக்க ஏறியாக வேண்டும். ராஜாத்தி அம்மா உடனே போன் போட்டார். ஐயாவின் போனும் அதே டவரில் மாட்டியிருந்தது போல. ஒரு பெண் மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி போட்டார், மறுபடி அதே பெண். அழைத்த எண் கிடைக்கவில்லை என்று சொல்கிற பதிவுக் குரல்தான் அது என்று பிற்பாடு நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன்.

சைக்கிள் தொழுவத்துக்குப் போனது. அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது ஐயா கடைக்கு வெளியே நின்றே என்னிடம் பேசினார்.

“ஏறாத மலைக்கு ஒரு வாரம் உள்ள கெடந்தேன் தாயி. ஏறிட்டுக் கெடந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.”

கல்லுக்குக் கல்

இந்த இடத்தில் கோம்பையைச் சேர்ந்த வினோத்தைச் சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டம், முப்பது வயது, நல்ல பையன். என் கடையிலேயே நல்லதாக ஒரு பெட்டி வாங்கியவன். எங்கள் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஒரு குழுவாக இருக்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் யார் அதிக தூரம் என்று பட்டியல் போடுவார்கள். பரிசு ஒன்றும் கிடையாது, பெயர் மேலே இருக்கும், அவ்வளவுதான். அதற்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வினோத் திடீரென்று மேலே போனான். வாராவாரம் மேலேயே இருந்தான்.

குழுவை நடத்துகிற பல் டாக்டர் ஒரு நாள் போனோடு கடைக்கு வந்து, நீங்கள் விற்ற பெட்டி சரியில்லை என்றார். வினோத்தின் பாதையைப் பெரிதாக்கிக் காட்டினார். சாலையில் ஒரு துளிகூட இல்லை. திராட்சைப் பந்தலுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடியிருந்தது. ஆள் குனிந்து போகிற பந்தலுக்குள் சைக்கிள் எப்படிப் போகும்? அதைவிட, பந்தலைத் தாங்குகிற கல்தூண் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நிறுத்தம். கல்லுக்குக் கல் நின்று போயிருந்தது. நான் டாக்டரைப் பார்த்தேன், டாக்டர் என்னைப் பார்த்தார். பெட்டியில் குறையில்லை என்று இருவருக்கும் புரிந்தது. வினோத்தின் வீட்டில் ஒரு கோம்பை நாய், அந்த ஊர்ப் பேரிலேயே வழங்குகிற வேட்டை நாய், இருக்கிறது. கழுத்துப் பட்டையில் பெட்டியைக் கட்டிவிட்டு, இவன் கட்டிலில் படுத்திருந்திருக்கிறான்.

குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சைக்கிளுக்கு நல்ல சீட் வாங்கிக்கொள்ள வந்தவனிடம் ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம்.

“சோறு போடுறது நானு, ஊசி போடுறது நானு. அது ஓடுனா நான் ஓடுனதாத்தானக்கா கணக்கு?”

துணைக்கு இருக்கட்டும்

அந்தப் பெட்டியின் ரப்பர் உறையில் இரண்டு பல் தடம். கட்டும்போது நாய்க்குப் பிடிக்கவில்லை போலும். மற்றபடி ஒரு குறையுமில்லை. மலிவாக வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற ஒரே உருப்படியான யோசனை இதுதான்: மட்டமான புதிதைவிட, நல்லதாக ஒரு பழையது மேல். செயற்கைக்கோளை நன்றாகப் பிடிக்கிறதா, பேட்டரி ஒரு காலைப்பொழுது தாங்குகிறதா, காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிறதா என்று மூன்றையும் பார்த்தால் போதும். நாய் கடித்ததா என்று பார்க்க வேண்டியதில்லை.

சௌந்தரபாண்டியன் ஐயாவும் ராஜாத்தி அம்மாவும் வந்தபோது அதை எடுத்துக் காட்டினேன். பழைய கதையையும் மறைக்காமல் சொன்னேன். ராஜாத்தி அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது போகும்போது வீட்டுக்குச் சொல்லாது, திரும்பி வந்த பிறகுதான் பார்க்க முடியும் என்று நினைவூட்டினேன். அது பரவாயில்லை என்றார். போகும்போதே பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறை அந்தப் புள்ளி நிற்கும்போதும் தான் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓட வேண்டியிருக்கிறது, வந்த பிறகு பார்த்தால் ஆளும் கூடவே இருப்பார் என்றார். தினமும் வந்ததும் போனைக் காட்ட வேண்டும், மலைப் பக்கம் ஒரு கோடு தெரிந்தாலும் சைக்கிளை விற்றுவிடுவேன், பூட்டுகிற பேச்சே இல்லை என்று ஐயாவிடம் என் முன்னாலேயே சொன்னார். ஐயா தலையாட்டினார்.

நாய் ஓடிய பழைய பாதைகளை அழித்துத் தருகிறேன் என்று பெட்டியைக் கையில் எடுத்தேன். ஐயா சட்டென்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“அதை அழிக்காதீக தாயி. கெடந்துட்டுப் போகுது, துணைக்கு இருக்கட்டும்.”

பூப் பேர் எழுதிய வளைவு

இரண்டு மாதம் கழித்து ராஜாத்தி அம்மா மட்டும் கடைக்குள் வந்தார். ஐயா சாலைக்கு எதிர்ப்பக்கம், வாங்கப்போவதில்லை என்று முகத்திலேயே தெரிகிறபடி, ஒரு பழக்கடையில் சாத்துக்குடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா போனை மேசையில் வைத்துவிட்டு, கோம்பை நாய் மேகமலை ஏறுமா என்று என்னிடம் கேட்டார். முந்தின நாள் இந்தப் பாதை என்ன என்று இவர் கேட்டிருக்கிறார். அது நாய் ஓடின பழசு, அழிக்காமல் கிடக்கிறது என்று ஐயா சொல்லியிருக்கிறார்.

நான் பார்த்தேன். பாளையத்திலிருந்து சின்னமனூர். சின்னமனூரிலிருந்து தென்பழனி, வனத்துறை சோதனைச் சாவடி. அதற்குப் பிறகு கோடு மடிந்து மடிந்து மேலே போனது. சாவடியின் கம்பிக் கேட் தாண்டி இருக்கிற கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பூவின் பேர் எழுதிய பலகை நிற்கும். படத்துக்கு மேலே தேதியும் இருந்தது. போன ஞாயிறு. அந்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது. ஒரு சைக்கிள் விற்கப்படுமா என்பது என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது என்று சொல்லலாம். சில நாய்கள் ஏறும் என்று நான் ஆரம்பித்தேன். ராஜாத்தி அம்மா என் விரலைப் பிடித்து மெதுவாக நகர்த்தி வைத்தார். தேதியை வீட்டிலேயே பார்த்துவிட்டாராம். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கத்தான் வந்தாராம்.

அதன்பிறகு கோட்டில் அங்கங்கே இருந்த சின்னச் சின்னத் திட்டுகள் என்னவென்று கேட்டார். நின்ற இடங்கள் என்றேன். முதல் வளைவில் நின்றிருந்தார். இரண்டாவதில் நின்றிருந்தார். ஒன்றைக்கூட விடவில்லை, மூச்சு வாங்கினால் இறங்கி நிற்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டிருக்கிறார். ஏழாவதில் வெகுநேரம் நின்றிருந்தார், அங்கிருந்து கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். அதற்கு மேல் கோடு இல்லை. அங்கேயே திரும்பிக் கீழே வந்துவிட்டார். ராஜாத்தி அம்மா ஒவ்வொரு திட்டிலும் விரலை வைத்து வைத்து எடுத்தார். கிணற்றிலிருந்து மோட்டாரைத் தனியாளாக இழுத்துப் போட்டுவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லாமல் அன்று முழுக்க வரப்பு வெட்டிய மனுஷன் இவர் என்றார். இவ்வளவு வருஷத்தில் ஒரு வேலையைப் பாதியில் விட்டுப் பார்த்ததே இல்லை என்றார். இந்தப் படத்தை டாக்டரிடம் காட்டக் காகிதத்தில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். எதிர்ப்பக்கம் சாத்துக்குடி இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.

“டாக்டர் சரின்னா சரி. அடுத்த தடவை அந்த நாய் மலை ஏறுறப்ப எங்கிட்டச் சொல்லச் சொல்லு, பின்னாடியே நான் ஜீப்புல வாரேன்.”

மலிவான ஜிபிஎஸ் எது என்று இனி யார் வந்து கேட்டாலும், போன வழியைப் பதிய எந்தப் பெட்டியும் போதும், போன ஆளை வீட்டில் ஏற்கெனவே பதிந்து வைத்திருப்பார்கள் என்றுதான் சொல்லி விற்கப்போகிறேன்.